இல்லத்துக்கேற்ற பனியெறி பொறி

தம்பிலுவிலிலும் திருக்கோவிலிலும் பிறந்து வளர்ந்த ஒருவர்க்குப் ‘பனி’ என்னுஞ் சொல் நினைவூட்டுவது மார்கழி வைகறையிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையே. முன்பனி, பின்பனி எனப் பருவத்தை வகுத்த நம் முன்னோரும் பெரும்பாலும் அதனையே கருதினர். நுவரெலியாவிலே தை மாசி மாதங்களிற் சில நாட்களில் தேயிலைத் தளிரைக் கருக்கும் உறைபனியே ஈழத்தவர் தம் மண்ணிற் கண்ட கடும்பனியாகும். வானத்திலிருந்து பஞ்சுபோல் இறங்கி, முழங்காலளவு குவிந்து, வாசலை அடைத்து, பின்னர்க் கல்லாய் இறுகும் வெண்பனியைப் பற்றி நம்மவர் சிந்திக்கவேண்டிய தேவை அண்மைக் காலத்திலேயே எழுந்தது. 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்துக்குப் பின்னர்க் குளிர்நாடுகளிற் சென்று குடியேறியோர் பல்லாயிரவர். அவருள் நமது கல்லூரியின் பழைய மாணவரும் உளர். இன்று ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன், ஏஜாக்ஸ், மொன்றியல் ஆகிய இடங்களிற் சொந்த வீடு வாங்கி வாழும் அவ்வன்பர்களுக்கு, வீட்டோடு சேர்ந்து வந்த புதிய கடமை ஒன்றுண்டு. அது வாசற்பனி அகற்றுதல்.

அதற்கென அமைந்த இயந்திரத்தை அங்குள்ள நம்மவர் ‘ஸ்நோ புளோவர்’ என்று ஆங்கிலப் பெயராலேயே வழங்குவர். பனியை வாரி எடுத்துத் தொலைவில் எறிவது அதன் தொழிலாகலின், ஈண்டு அதனைப் பனியெறி பொறி என்று குறிப்பிடுவோம். இம்மலரைத் தம்பிலுவிலிலிருந்து படிக்கும் மாணவர், ‘நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?’ என்று வினவலாம். தொடர்புண்டு. களத்திலே நெல்லைத் தூற்றும் விசிறிக்கும், வயலிலே நம்மவர் ‘லாண்ட்மாஸ்டர்’ என்றழைக்கும் கையுழவு இயந்திரத்துக்கும் இப்பொறி மிக நெருங்கிய உறவுடையது. அஃது எவ்வாறென்பது மேலே விளங்கும்.

முதலில், இப்பொறி வேண்டுமா வேண்டாவா என்பதைக் கணக்கிட்டு அறிதல் நன்று. இரண்டு கார்கள் அருகருகே நிற்கத்தக்க ஒரு வாசற்பாதையை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 12 மீற்றர், அகலம் 5 மீற்றர் எனின் பரப்பு 60 சதுர மீற்றர். அதன்மேல் 20 சதமமீற்றர் பனி பெய்துவிட்டால் அகற்றவேண்டியது 12 கன மீற்றர். புதிதாய்ப் பெய்த உலர்பனி ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 100 கிலோகிராம் நிறையுடையது. ஆகவே மொத்தம் 1,200 கிலோகிராம். நமது ஊர் அளவையிற் கூறின் ஏறக்குறைய 57 புசல் நெல்! அதுவும் உலர்ந்த பனிக்கே இக்கணக்கு. வெப்பநிலை பூச்சியத்தை அண்டி நிற்கும்போது பெய்யும் ஈரப்பனி அதன் இரண்டு மூன்று மடங்கு கனக்கும். ஐம்பத்தேழு புசல் நெல்லை ஒருவர் அதிகாலை ஐந்து மணிக்கு, வேலைக்குப் போகுமுன், சவலால் அள்ளி இடுப்பளவு உயரத்துக்கு எறிகிறார் என்று எண்ணிப் பார்க்குக. ரொறன்ரோவில் ஓராண்டிற் பெய்யும் பனி சராசரியாக ஒரு மீற்றருக்குச் சற்று மேல். மொன்றியலிலோ அது இரண்டு மீற்றரளவு. ஆகவே இவ்வேலை ஒருநாளோடு ஒழிவதன்று.

இது வெறும் உடலலுப்பைப் பற்றிய பேச்சன்று. கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையுள்ள மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டிற் கனேடிய மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்ட அறிஞர்கள், 20 சதமமீற்றர் பனி பெய்த நாளுக்கு மறுநாள் ஆடவர் மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு, பனி பெய்யாத நாளோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மிகுந்திருக்கக் கண்டனர். பெண்களிடம் அத்தகைய மிகுதி தெளிவாய்த் தோன்றவில்லை. சவலெடுப்பவர் பெரும்பாலும் ஆடவரே என்பதை நினைத்தால் இதன் காரணத்தை ஊகிப்பது அரிதன்று. குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றது. கைகளால் பாரந்தூக்குதல் இரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குதல் அதனை இன்னும் ஏற்றுகின்றது. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான வேறோர் ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமற்ற பத்து ஆடவரைச் சவலாலும் பொறியாலும் பனியகற்றச் செய்து நாடித்துடிப்பை அளந்தனர். சவலால் அகற்றியபோது துடிப்பு நிமிடத்துக்குச் சராசரி 175 வரை ஏறிற்று. பொறியைக் கொண்டு அகற்றியபோது 124 அளவில் நின்றது. அவர்களோ முப்பது வயதளவினர்.

நம்மவரிடையே நீரிழிவும் இருதய நோயும் மலிந்திருப்பதை நாமெல்லோரும் அறிவோம். அதனோடு நம் பண்பாட்டுக்குரிய மற்றொரு தொல்லையும் உண்டு. பிள்ளைகள் அழைத்ததனாற் கனடா சென்ற தந்தையார், மகன் இரவு வேலை முடிந்து அயர்ந்து உறங்குகிறானே, நாம் சும்மா இருப்பதா என்று எண்ணி, எவருக்குஞ் சொல்லாமற் சவலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு இறங்குவார். வட்டையிலே அறுபது ஆண்டு உழைத்த உடம்பு இதற்குத் தாங்கும் என்பது அவர் துணிபு. வயலின் வெயிலிற் படிப்படியாகப் பழகிய உழைப்பு வேறு. வெதுவெதுப்பான அறையிலிருந்து திடீரெனப் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகைக் குளிரில் இறங்கிப் பாரந்தூக்குவது வேறு. ஆதலின், வீட்டுக்குப் பொறி வாங்குவோர், தம் வலிமைக்கு ஏற்றதையன்று, அவ்வீட்டிலே மிக மெலிந்த கைகளும் இயக்கத்தக்கதையே தேர்தல் வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து.

இப்பொறியின் வரலாறு சுவையானது. இருப்புப்பாதையில் மண்டிய பனியைச் சுழல் சக்கரத்தால் வெட்டி எறியலாம் என்று 1869ஆம் ஆண்டிலே முதன்முதல் உரிமைப் பதிவு பெற்றவர் ஓர் எந்திரவியலாளர் அல்லர். எலியற் என்னும் ரொறன்ரோப் பல் வைத்தியர்! அவரது திட்டத்தை ஒன்ராறியோவின் ஒறேஞ்வில் என்னும் ஊரினரான ஒறேஞ் யூல் 1880களிலே திருத்தி அமைக்க, அது புகைவண்டிகளின் முன்னே ஓடலாயிற்று. தெருவுக்கேற்ற பொறியைச் செய்தவர் கியூபெக்கைச் சேர்ந்த ஆதர் சிக்கார். பாற்பண்ணையிற் பிறந்த அவர், கதிரடிக்கும் இயந்திரம் வைக்கோலை ஒருபுறம் வீசுவதைக் கண்டே பனியையும் அவ்வாறு வீசலாம் என்ற எண்ணம் பெற்றார் என்பர். பல்லாண்டு முயற்சியின் பின் 1925இல் அவரது பொறி இயங்கியது; 1927இல் மொன்றியலை அடுத்த ஊத்திறமோன் நகரசபை அதனை வாங்கிற்று. மனிதர் பின்னே நடந்து செலுத்தும் சிறுபொறிகள் 1950களின் தொடக்கத்தில் வந்தன. அமெரிக்காவின் ரோறோ நிறுவனம் அவற்றை முதலிற் சந்தைக்குக் கொணர்ந்தவற்றுள் ஒன்று. விஸ்கொன்சின் மாநிலத்து ஏரியன்ஸ் நிறுவனத்தார் 1960இல் இத்துறையிற் புகுந்தனர். அவர் அதற்கு முன்னர்ச் செய்து பெயர்பெற்றவை நிலத்தைக் கொத்தும் சுழலுழவு இயந்திரங்களே. இரண்டு கைப்பிடிகள், இரண்டு சில்லுகள், நடுவே எஞ்சின், முன்னே சுழலும் அலகு என்னும் அமைப்பு நமது கையுழவு இயந்திரத்தை ஒத்திருப்பது தற்செயலன்று.

இனி அதன் வகைகள். ஒருபடிப் பொறி, இருபடிப் பொறி என இரண்டே பெரும் பிரிவுகள் என்று கொள்ளலாம்.

ஒருபடிப் பொறியிலே கிடையாகச் சுழலும் அலகு ஒன்றே உண்டு. அதன் ஓரத்தில் இறப்பர் தைத்திருக்கும். அது விரைந்து சுழன்று பனியை அள்ளி, அதே வேகத்தில் மேலேயுள்ள குழாய் வழியாக எறிந்துவிடும். அள்ளுவதும் எறிவதும் ஒரே படியில் நிகழ்தலால் அப்பெயர் பெற்றது. இறப்பர் நிலத்தைத் தொட்டுச் சுழல்வதனால், தரைமட்டம்வரை துடைத்தாற்போற் சுத்தமாகும். அந்த உராய்வே பொறியைச் சற்று முன்னிழுத்துச் செல்லும். பாரங்குறைவு, ஒருவர் தனியே தூக்கி வைக்கலாம். அகலம் பெரும்பாலும் 18 முதல் 22 அங்குலம். ஓர் அடிக்குக் குறைந்த, இறுகாத பனிக்கு, அதிலும் ஆறு எட்டு அங்குலத்துக்கு உட்பட்ட பனிக்கு, இது போதியது. ஆயின் சரளைக்கல் பரப்பிய பாதைக்கு இது கூடவே கூடாது. நிலத்தைத் தொட்டு அள்ளும் அலகு கல்லையும் அள்ளும். அள்ளிய கல் அயலார் சன்னலைத் தேடிச் செல்லும்.

இருபடிப் பொறியில், முன்னே திருகாணி வடிவிலமைந்த உருக்கு அலகு மெதுவாகச் சுழன்று பனியை நொறுக்கி நடுவுக்குத் தள்ளும். நடுவிலே, அதன் பின்னால், வேகமாய்ச் சுழலும் வீசுசக்கரம் அதனைப் பற்றிக் குழாயூடாகத் தொலைவில் எறியும். நொறுக்குவது ஒன்று, எறிவது மற்றொன்று. நெல்லைக் களத்திற் சேர்ப்பது ஒருவர், தூற்றுவது மற்றொருவர் என்றாற் போல. சில்லுகளை எஞ்சினே உருட்டுதலால், தள்ளவேண்டிய பாரம் இல்லை, செலுத்துதலே வேலை. இருபுறமும் உள்ள சறுக்குப் பாதங்களை உயர்த்தியுந் தாழ்த்தியும் அலகு தரைக்கு எவ்வளவு மேலே நிற்கவேண்டும் என்று அமைக்கலாம். ஆகவே சரளைப் பாதைக்கும் உகந்தது. 24 முதல் 30 அங்குலம் வரை அகலமுடையவை வீடுகளிற் பயன்படுகின்றன. முப்படிப் பொறி என விற்கப்படுவது இதிலே இன்னொரு திருகலகு சேர்ந்ததே; நகரத்து வாசலுக்கு அதன் தேவை எனக்குத் தென்படவில்லை.

கடைக்காரர் முதலிற் கூறுவது எஞ்சினின் கன அளவு. 208 என்பார், 250க்கு மேல் என்பார். எண் பெரிதாயின் பொறியும் சிறந்தது என்று எண்ணி வாங்குவோர் பலர். வீட்டின் அளவை அறியாமல் எஞ்சினின் அளவை அறிவதாற் பயனில்லை. 24 அங்குலம் என்பது ஏறத்தாழ 61 சதமமீற்றர். நாம் முன்பு கண்ட 5 மீற்றர் அகலப் பாதையை அது ஒன்பது பத்து நடையில் முடித்துவிடும். 30 அங்குலப் பொறி வாங்கினால் இரண்டு நடைதான் மிச்சம். ஆயின் அதனைத் திருப்ப இடம் வேண்டும், கறாச்சிலே காரின் அருகே நிறுத்த இடம் வேண்டும், வேலிக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியில் அது நுழையவும் வேண்டும். நாடாவை எடுத்து இவற்றை அளந்தபின் கடைக்குச் செல்வோர் மிகச் சிலரே.

அளக்கவேண்டிய மற்றொன்று, எறியும் பனி விழுவதற்கான இடம். பிரம்ரன், மார்க்கம் போன்ற இடங்களின் புதிய குடியிருப்புகளில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். இரண்டு வாசல்களுக்கு நடுவே ஒரு முழம் புல்தரையே எஞ்சும். அங்கே 40 அடி தூரம் எறியும் பொறியால் என்ன பயன்? அது அயலார் காரின்மேல் விழும். அல்லது தெருவில் விழும். தெருவிற் பனியைத் தள்ளுவதை ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைச் சட்டம் தடுக்கிறது. இத்தகைய வீடுகளுக்கு ஒருபடிச் சிறுபொறியே சாலும். சில வீடுகளுக்கு நல்ல சவலும், பொறி வைத்திருக்கும் நல்ல அயலவருமே போதும்.

அப்படியாயின் பெரும் பொறி எவர்க்குத் தேவை? தெருவின் ஓரத்தே வீடுள்ளவர் எல்லோருக்கும் ஒரு சோதனை உண்டு. நகரசபையின் பாரவண்டி தெருப்பனியைக் கலப்பையால் ஒதுக்கிச் செல்லும்போது, அது ஒவ்வொரு வாசலின் வாயிலும் ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும். வயல்வரம்பு போலவே நீண்டு கிடக்கும் அது, தெருவின் உப்பும் நீரும் பனிக்கட்டியுங் கலந்து பிசைந்தது. ஒரு மணி நேரம் விட்டால் இறுகிப்போகும். வாசலின் ஏனைய பகுதியைத் துடைத்தெறிந்த ஒருபடிப் பொறி இவ்வரம்பின்மேல் ஏறிக் குதித்து நிற்கும். மின்சாரச் சிறுபொறிகள் அவ்விடத்தே திணறும். ஆகவே பொறியை மதிப்பிடுவோர் வாசலின் நடுவையன்று, இந்த வரம்பையே மனத்திற் கொள்ளல் வேண்டும். மூலைவீடு உடையவர்க்கு நடைபாதையின் நீளமும் இரு மடங்காகும். ரொறன்ரோவில் 2021ஆம் ஆண்டு மாரி தொடங்கி நடைபாதைகளிற் பெரும்பாலானவற்றை மாநகரசபையே துப்புரவு செய்கிறது. வேறு பல நகரங்களில் அது வீட்டுக்காரரின் கடமையாகவே உள்ளது. நீண்ட வாசல், மூலைவீடு, உயரமான வரம்பு ஆகியவற்றுள் இரண்டு பொருந்துமாயின் இருபடிப் பொறியையே வாங்குக. 24 அங்குலம் போதும்.

1999ஆம் ஆண்டு தை மாதத்தில் ரொறன்ரோ மாநகர முதல்வர் பனியை அகற்ற இராணுவத்தை அழைத்ததை அக்காலத்தில் அங்கு வாழ்ந்தோர் மறவார். 2022 தை 17ஆம் நாள் விழுந்த பனியும் அத்தகையதே. இவ்வாறான நாட்களை எண்ணியே பெரும் பொறி வாங்க வேண்டுமென்பார் உளர். பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்காக எவரும் வீட்டைப் பரண்மேற் கட்டுவதில்லை. அத்தகைய நாளிற் பனி பெய்து முடியும்வரை காத்திராமல், நான்கைந்து அங்குலம் விழுந்தவுடன் ஒருமுறையும் பின்னர் ஒருமுறையும் செலுத்தினால், சிறுபொறியும் தன் கடமையைச் செய்யும்.

மின்கலத்தால் இயங்கும் பொறிகளைப் பற்றிச் சில சொற்கள். பத்தாண்டுகளுக்கு முன் என்னைக் கேட்டிருந்தால், அவை விளையாட்டுப் பொருள்கள் என்றிருப்பேன். இன்று அவ்வாறு கூறல் நேர்மையன்று. 56, 60, 80 வோல்ற்று இலிதியம் பற்றரிகள் வந்தபின், இரண்டு கார் நிற்கும் வாசலுக்கு அவை தக்கனவாயின. பெற்றோல் வேண்டா, எண்ணெய் மாற்ற வேண்டா, கயிறிழுக்க வேண்டா. விசையை அழுத்தினாற் புறப்படும். அதிகாலை ஐந்து மணிக்கு அயலாரை எழுப்பாது. முதியோரும் பெண்டிரும் இயக்குதல் எளிது. குறையும் உண்டு. குளிரிலே பற்றரியின் கொள்ளளவு சுருங்கும். ஆகவே அதனை வீட்டினுள்ளே வைத்து, வேலை தொடங்கும்போதே பூட்டுதல் வேண்டும். பூச்சியத்துக்குக் கீழுள்ள வெப்பநிலையில் அதற்கு மின்னேற்றினால் உள்ளே இலிதிய உலோகம் படிந்து பற்றரி கெடும். பற்றரி ஓய்ந்தபின் பாதி வாசல் மீந்திருந்தால், அது மீண்டும் நிரம்பும்வரை காத்திருத்தலன்றி வழியில்லை. ஆகவே விற்பவர் கூறும் நிமிடக் கணக்கிற் பாதியையே நம்புக.

பெற்றோற் பொறி வாங்குவோர் காணவேண்டியவை வேறு. தற்காலத்தன பெரும்பாலும் நாலடிப்பு எஞ்சின்கள். பழைய ஈரடிப்பு எஞ்சின்களுக்குப்போல் எண்ணெயைப் பெற்றோலிற் கலக்க வேண்டுவதில்லை. கயிற்றோடு மின்தொடக்கியும் உண்டா என்று பார்க்க. அதற்குரிய வயரை வீட்டு மின்னிணைப்பிற் கொளுவி அழுத்தினால், எத்தகைய குளிரிலும் எஞ்சின் சுழலும். திருகலகைச் சுழற்றும் பற்சக்கரப் பெட்டி வார்ப்பிரும்பா அலுமினியமா, எறிகுழாய் உருக்கா பிளாஸ்ரிக்கா, கைப்பிடிகள் சூடாகுமா, பின்னோக்கிச் செல்லும் விசை உண்டா, இடமோ வலமோ திரும்பும்போது ஒரு சில்லைத் தனியே தளரவிடும் விசை உண்டா என்பனவும் வினவத்தக்கவை. இக்கடைசி வசதி மெலிந்த உடம்பினர்க்குப் பேருதவி. அது இல்லாத பெரும் பொறியைத் திருப்புவது பிடிவாதக்கார எருமையைத் திருப்புவதற்கு ஒப்பு.

ஆயினும் நம்பகமென்பது இவ்வுறுப்புகளிலும் பார்க்க, பழுதுபார்ப்பவர் எவ்வளவு அண்மையில் உளர் என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது. ரோறோ, ஏரியன்ஸ், ஹொண்டா ஆகியவற்றுக்கு நற்பெயர் நிலைத்திருப்பதற்கு ஒரு காரணம், இருபது ஆண்டு பழைய பொறிக்கும் உதிரியுறுப்புக் கிடைப்பது. பேரங்காடியில் மலிவாய்க் கிடைக்கும் பெயரறியாப் பொறி முதலிரண்டு மாரிகளும் நன்றாகவே உழைக்கக்கூடும். மூன்றாம் மாரியில் அதன் பெல்ற் அறுந்தால், அதே அளவுடைய பெல்ற் எங்கே கிடைக்கும்? வாங்குமுன் அக்கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: ‘பழுதானால் நீங்களே திருத்துவீர்களா, வேறெங்கேனும் அனுப்புவீர்களா?’ மறுமொழி தயங்கி வருமாயின் வேறு கடை பார்க்க.

பழைய பொறி வாங்குவதில் இழிவேதும் இல்லை. வீடு விற்றுத் தொடர்மாடிக்குப் போகும் முதியோர் நல்ல பொறிகளை மலிவாய்க் கொடுத்துச் செல்வர். விற்பவர் வீட்டுக்குப் போனதும் எஞ்சினைத் தொட்டுப் பார்க்க. அது முன்னரே சூடாயிருப்பின், குளிரிலே அது புறப்படுமா என்பதை அவர் மறைக்கிறார் எனக் கொள்ளலாம். எஞ்சினை நிறுத்திப் பிளக் வயரையுங் கழற்றியபின், திருகலகின் ஒருபுறத்தைப் பிடித்து அசைத்தால், மறுபுறமும் கூடவே அசைய வேண்டும். தளர்ந்தாடினால் முறியாணி முறிந்துள்ளது, அல்லது பற்சக்கரம் தேய்ந்துள்ளது. பற்சக்கரப் பெட்டியின் அடியிலே எண்ணெய்க் கசிவு உண்டா, அடித்தகடு துருவேறித் தாளாயிற்றா என்றும் பார்க்க. பெயின்ற் பளபளப்பைப் பாராட்டுவோர் ஏமாறுவர். புதியது வாங்குவதாயினும் முதற்பனி விழுந்த மறுநாள் கடைக்கு ஓடாதீர். அன்று விலையும் குறையாது, நல்லனவும் எஞ்சியிரா. கோடையில் வாங்குக.

முறியாணி என்று கூறினேன். அதனைக் கடையில் ‘சியர் பின்’ என்று கேட்க வேண்டும். திருகலகை அச்சோடு பிணைக்கும் சிறு ஆணி அது. அலகிலே கல்லோ, பனியுட் புதைந்த செய்தித்தாட் கட்டோ சிக்கினால், பற்சக்கரம் நொறுங்குமுன் இந்த மெல்லிய ஆணி தான் முறிந்து பொறியைக் காக்கும். வீட்டு மின்னிணைப்பில் பியூஸ் செய்யும் தொழிலையே இது செய்கிறது. சில்லறை விலையுடைய அவ்வாணிக்குப் பதிலாக, ‘இது முறியாது’ என்று உறுதியான போல்ற்றை முறுக்கிவிடும் கெட்டிக்காரர் நம்மிடையே உளர். பியூசுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றும் அதே கெட்டித்தனம் இது. அடுத்த கல் சிக்கும்போது நூற்றுக்கணக்கான டொலர் பெறுமதியான பற்சக்கரப் பெட்டி முறியும். உரிய அளவு ஆணிகள் நான்கைந்தை வாங்கிக் கைப்பிடியின் அருகே ஒரு சிறு பையிற் கட்டித் தொங்கவிடுக.

இப்போது மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன். ஈரப்பனி எறிகுழாயில் அடைத்துக்கொள்ளும். அடைத்ததும், கையுறை அணிந்திருக்கிறோமே என்ற துணிவிற் கையை உள்ளே விட்டு வாரியெடுக்க மனந்தூண்டும். எஞ்சின் ஓடும்போது அவ்வாறு செய்பவர் விரலை இழப்பார் என்பது எவர்க்குந் தெரியும். தெரியாதது, எஞ்சினை நிறுத்திய பின்னரும் ஆபத்து நீங்குவதில்லை என்பதே. இறுகிய பனி அலகைப் பிடித்திருக்கும்போது பெல்ற்றிலும் அச்சிலும் முறுக்கு ஏறி நிற்கும். பனியைக் கை அகற்றியதும் அம்முறுக்கு அவிழ, அலகு ஒரு சுற்றோ அரைச் சுற்றோ விசுக்கெனச் சுழலும். விரல் போவதற்கு அது போதும். வலக்கையின் நடுவிரல்களே இவ்வாறு பெரும்பாலும் போகின்றன. தொழிற்சாலையிற் கையால் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் ஒருவர்க்கு அவ்விரல்கள் எத்தகையன என்று விரிக்க வேண்டுவதில்லை. ஆகவே எஞ்சினை நிறுத்தி, திறப்பைக் கழற்றி, அலகு முற்றாய் ஓயும்வரை பொறுத்திருந்து, பொறியோடு தரப்படும் பிளாஸ்ரிக் கோலாலேயே அடைப்பை நீக்குக. கோல் தொலைந்தால் ஒரு விளக்குமாற்றுப் பிடி போதும். கை எக்காலமும் வேண்டா. கைப்பிடியிலுள்ள பிடியை விட்டவுடன் அலகு நிற்குமாறு பொறிகள் அமைந்துள்ளன; அப்பிடியைக் கயிற்றாற் கட்டிவைப்போரும் உளர் என்று கேள்வி. அத்தகையோர்க்கு எந்தப் பொறியும் நம்பகமானதன்று.

பூட்டிய கறாச்சினுள்ளே பெற்றோல் எஞ்சினைத் தொடக்கிச் சூடேற்றலும் கூடாது. நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு வாயு, கதவினூடாக வீட்டினுள்ளே புகுந்து உறங்குவோரைக் கொல்லும். கறாச்சின் பெருங்கதவைத் திறந்துவிட்டாலும் போதாது. பொறியை வெளியே தள்ளிவந்தே தொடக்குக. சூடான எஞ்சினிற் பெற்றோல் ஊற்றாதீர். குழந்தைகள் பனியில் விளையாட ஆசையோடு ஓடிவருவர். பொறி ஓடும்வரை அவர் வீட்டினுள்ளே நிற்றல் நன்று. எறிகுழாயின் வாயை எவர் முகத்துக்கும் நேரே திருப்பலாகாது. அதிலிருந்து வருவது பனி மட்டுமன்று. பெற்றோற் பொறியின் இரைச்சல் கடுமையானதாகலின் காதுக் கவசம் அணிதலும் நன்று. பனிக்குமுன் தெருவிற் கிடக்கும் வயர், கால்மிதி, நீர்க்குழாய் ஆகியவற்றை அகற்றி, வாசலின் இரு ஓரங்களிலும் உயரமான குச்சிகளை நட்டுவைத்தால், மூடுபனிக்குள்ளும் எல்லை தெரியும்.

பொறி இறுகிய பனிக்கட்டியைத் தகர்க்காது என்பதையும் நினைவிற் கொள்க. அதற்கு உப்பே வழி. சாதாரண உப்பு பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகையளவுக்குப் பின் தன் வலியை இழக்கும். அதற்கு மேலுங் குளிரும் நாட்களிற் கல்சியங் குளோரைட்டு வேண்டும். எனினும் முதலிற் பனியை நன்றாக வாரிவிட்டால் உப்பின் செலவும் குறையும். பனி விழுந்த உடனேயே, கார் ஏறி அதனை மிதிக்குமுன், வாருதல் இதன் மறைபொருள்.

பொறி காலையிற் புறப்படாமற் போவதற்குப் பெரும்பாலான நேரங்களிற் காரணம் எஞ்சினன்று. அதிலே கிடந்து கெட்ட பெற்றோலே. எதனோல் கலந்த பெற்றோல் ஒரு மாதத்துக்கு மேற் கிடந்தாற் பழையதாகும். காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். காபரேற்றரின் நுண்துளையிற் பிசின்போற் படிந்து அதனை அடைக்கும். முதல் மாரியில் நன்றாக ஓடிய பொறி இரண்டாம் மாரியில் ஊமையாவது இதனாலேயே. ஆகவே சித்திரைப் புத்தாண்டு கழிந்து, இனிப் பனியில்லை என்று தெளிந்தபின், தொட்டியிலுள்ள பெற்றோலை வடித்துவிட்டு, எஞ்சியது தீர்ந்து தானே நிற்கும்வரை எஞ்சினை ஓடவிடுக. எதனோல் கலவாத பெற்றோல் கிடைக்குமாயின், கெடாமற் காக்கும் மருந்தை அதிற் கலந்து தொட்டியை நிரப்பி வைப்பதும் ஒரு முறை. அரைகுறையாக விட்டுவைப்பதே தவறு. எண்ணெயை மாற்றுக, குளிர்நாட்டுக்கு 5டபிள்யூ-30 என்னும் தரம் பெரும்பாலான பொறிகளுக்கு உகந்தது, எனினும் பொறியோடு வந்த கைந்நூலே முடிவானது. சறுக்குப் பாதங்கள் தேய்ந்திருந்தால் திருப்பிப் பூட்டுக. பெல்ற்றின் ஓரம் நைந்திருந்தால் அப்போதே புதியது வாங்குக. ஐப்பசியிற் கேட்டாற் கார்த்திகையில் வரும், அதற்குள் முதற்பனி விழுந்துவிடும்.